வெளுத்த கறுப்பு: பிக்கப் வண்டிகளின் வெளிப்புறப் பிளாஸ்டிக்கும் அதன் மறுபூச்சும்

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

பத்து ஆண்டு வெயிலில் நின்ற பிக்கப் வண்டியின் முன்பம்பரில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால், வாங்கிய நாளில் இருந்த கறுப்பு அப்படியே திரும்பி வருகிறது. காய்ந்ததும் சாம்பல் பூத்துவிடுகிறது. வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்ததுதான் இது. ஆனாலும் "சாயம் போச்சு" என்றுதான் சொல்கிறோம். சாயம் போன இடத்தில் புதுச் சாயம் ஏற்றினால் போதும் என்றும் நினைக்கிறோம். போன சாயத்தைத் தண்ணீர் எப்படித் திருப்பிக் கொடுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே செல்கிறது. கறுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் மேல் பிளாஸ்டிக்கின் தோல் செத்துக் கிடக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். செத்த தோலை எடுக்காமல் அடிக்கும் பெயின்ட், அந்தத் தோலோடு சேர்ந்தே உரியும்.

இங்கே பேசப்படுவது, பெயின்ட் அடிக்காமல் வார்த்த நிறத்திலேயே தொழிற்சாலையை விட்டு வரும் பிளாஸ்டிக் பாகங்களைப் பற்றி மட்டுமே: பம்பர், சக்கர வளைவைச் சுற்றிய விளிம்பு, கதவின் அடிப்பட்டை, பக்கக் கண்ணாடியின் கூடு, கைப்பிடி, கிரில், வைப்பருக்கு அடியில் கிடக்கும் கவுல் பலகை. இவற்றில் கறுப்பு மேலே பூசப்பட்டதன்று. மாவில் உப்பைப் போல உள்ளே கலந்தது. வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடிக்கப்பட்ட பம்பர்கள் வேறு வகை. அவை இந்த ஆய்வில் இல்லை.

தமிழ்நாட்டில் சரக்கு வண்டிகளின் பெயின்ட் வேலைக்கு ஒரு நாள்காட்டி உண்டு. அதன் பெயர் எஃப்.சி. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் வண்டி பட்டறைக்குப் போகும். சேஸிஸுக்குக் கறுப்பு அடிக்கும்போதே ஸ்ப்ரே கன்னைக் கொஞ்சம் திருப்பிப் பம்பருக்கும் அடித்துவிடுவார்கள். சான்று வாங்கிய மூன்றாம் மாதம் அது தகடு தகடாகப் பெயரும். அடித்தவர் கைவேலையில் குறை சொல்வது நியாயமில்லை. இரும்புக்குச் சரியான வேலை பிளாஸ்டிக்குக்குச் சரியாகாது என்பதை விளக்கிச் சொல்ல ஆளில்லாததுதான் குறை. நான் இதை எழுதத் துணிந்ததும் அதனால்தான்.

2. பிளாஸ்டிக் வெளியே வந்த வரலாறு

இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா 1954இல் ஒழுங்கான அமைப்புள்ள பாலிப்ரொப்பிலீனை உருவாக்கினார்; அதற்கு வழிவகுத்த வினையூக்கிகளைக் கண்டறிந்த கார்ல் சீக்லருடன் சேர்த்து 1963இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைவு, விலை குறைவு, அடிபட்டால் நெளிந்து மீளும் குணம் ஆகிய மூன்றும் சேர்ந்த பொருள் அது. 1972இல் வந்த ரெனோ 5 கார் இரும்புப் பம்பரை விட்டுவிட்டு பிளாஸ்டிக் பம்பரோடு தெருவுக்கு வந்தது. அந்தப் பம்பர் பாலியெஸ்டர் வகை. பின்வந்த பத்தாண்டுகளில் பாலிப்ரொப்பிலீன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பிக்கப் வண்டியில் பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக்கை அலங்காரமாகவே முன்னிறுத்தியது 2002 மாடலாக அமெரிக்காவில் வந்த செவ்ரலே அவலான்ஷ். அதன் உடலின் கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் பிளாஸ்டிக் கவசம். அந்தக் கவசம் வெயிலில் வெளுத்தது. வெளுத்ததை மீட்கும் மருந்துகளுக்கு அந்நாட்டில் ஒரு சந்தையே வளர்ந்தது. 2007 மாடலில் கவசம் இல்லை. நம் ஊர்ச் சரக்கு வண்டிகளில் பிளாஸ்டிக் வேறு காரணத்துக்காக வந்தது. பெயின்ட் அடிக்காத பம்பர் மலிவு. செங்கல் உரசினாலும் கீறல் பெரிதாகத் தெரியாது. லோடு ஏற்றி இறக்கும் வண்டிக்கு அது நியாயமான தேர்வுதான். பத்தாம் ஆண்டில் அந்தத் தேர்வுக்கான விலையை வெயில் வசூலிக்கிறது.

3. வெளுப்பின் இயல்பு

3.1 வெயில் செய்வது

பூமிக்கு வந்துசேரும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 295 முதல் 400 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. பிளாஸ்டிக்கின் முதுகெலும்பான கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 346 கிலோ ஜூல் வேண்டும். 300 நானோமீட்டர் ஒளியில் ஏறத்தாழ 400 இருக்கிறது. ஆக, உடைப்பதற்கு வேண்டிய சக்தி வெயிலிலேயே இருக்கிறது. வியப்பு என்னவென்றால், தூய பாலிப்ரொப்பிலீன் இந்தக் கதிரை உறிஞ்சுவதே இல்லை. உறிஞ்சுபவை அதனுள் தங்கிப்போன அந்நியங்கள்: வினையூக்கியின் மிச்சம், வார்க்கும்போது சூட்டில் உருவான பெராக்சைடுகள், கார்போனில்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததும் அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். அதிலிருந்து பிறக்கும் பெராக்சைடு மீண்டும் ஒளியில் உடைந்து இன்னும் இரண்டு இடங்களை அறுக்கும். பாலிப்ரொப்பிலீனில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் எளிதில் பறிபோகும் ஒரு ஹைட்ரஜன் இருப்பதால், இந்த நோய் அதில் வேகமாகப் பரவுகிறது.

இதைத் தடுக்கத் தொழிற்சாலையில் இரண்டு காவல் போடுகிறார்கள். ஒன்று கார்பன் கறுப்பு; அதுவே ஒளியை விழுங்கிவிடும். மற்றொன்று 1970களில் புழக்கத்துக்கு வந்த அமீன் வகை ஒளிநிலைப்படுத்திகள். அவை அறுந்த முனைகளைப் பிடித்து அடக்கும். முதலாவது காலத்தால் அழிவதில்லை. கார்பனுக்கு வெயிலில் நிறம் போவதென்பதே இல்லை. இரண்டாவது செலவாகிக்கொண்டே வரும். அது தீர்ந்த பின்புதான் வெளுப்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. நான்கைந்து ஆண்டு நன்றாக இருந்த பம்பர் ஆறாம் ஆண்டில் திடீரென்று கிழடு தட்டுவதன் காரணம் இதுதான்.

நம் மாநிலம் வட அட்சரேகை 8க்கும் 13.5க்கும் இடையில் கிடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிலம் இது. கோடையில் தெளிந்த நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப்படி. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால் வெயிலின் கையெழுத்து தெரியும். பம்பரின் மேல்விளிம்பு, கண்ணாடிக் கூட்டின் தலை, கவுல் பலகை ஆகிய மூன்றும் முதலில் வெளுக்கும். அதே பம்பரின் அடிவயிறு கறுப்பாகவே இருக்கும். வயதால் வந்த நோயாக இருந்தால் இரண்டும் ஒன்றாக வெளுத்திருக்க வேண்டும்.

3.2 கண் காண்பது

அறுந்த சங்கிலிகள் குட்டையாகி நெருங்கி அடுக்கிக்கொள்ளும். அதனால் மேற்பரப்பு சுருங்கும். அடியிலுள்ள நல்ல பிளாஸ்டிக் சுருங்காது. இழுபறியில் மேல்தோல் விண்டு, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் கோடை ஏரியின் வண்டல் போலப் பாளம் பாளமாக ஓடும். பம்பரை விறைப்பாக்க உள்ளே கலந்த டால்க் என்னும் வெள்ளைக் கல்மாவு, பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் வெளியே நிற்கும். விரலால் தேய்த்தால் ஒட்டுகிறதே, அந்தச் சாம்பல் மாவு இதுதான்.

வெடிப்புகளுக்குள் இருப்பது காற்று. பாலிப்ரொப்பிலீனின் ஒளிவிலகல் எண் 1.49; காற்றுக்கு 1.00. இவ்வளவு வித்தியாசமுள்ள இரண்டு பொருள்கள் மாறி மாறி வரும் இடத்தில் ஒளி உள்ளே போகாமல் சிதறித் திரும்பும். நாம் அதை வெண்மை என்கிறோம். தண்ணீரின் எண் 1.33. தண்ணீர் அந்தச் சந்துகளை நிரப்பியதும் வித்தியாசம் குறைகிறது, ஒளி உள்ளே இறங்கிக் கார்பனைச் சந்திக்கிறது, கறுப்பு தெரிகிறது. கோயில்களில் இதைத் தினமும் பார்க்கிறோம். உலர்ந்த கருங்கல் மூர்த்தம் சாம்பலாகத் தெரியும். எண்ணெய்க்காப்பு இட்டதும் அதே கல் கன்னங்கரேலென்று மின்னும். கல்லுக்குச் சாயம் ஏற்றியவர் யாருமில்லை.

ஆக்சிஜன் அதிக ஆழம் ஊடுருவ முடியாததால் இந்தச் சிதைவு பொதுவாக அரை மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. பம்பரின் கனம் சுமார் மூன்று மில்லிமீட்டர். அடியில் இருப்பது நல்ல சதை. மறுபூச்சு சாத்தியமாவதே இதனால்தான்.

3.3 நனைத்துப் பார்க்கும் சோதனை

இதிலிருந்து பட்டறையில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. சோப்பு போட்டுக் கழுவிய பாகத்தை நனைத்துப் பார்க்க வேண்டும். முழுக்கக் கறுத்தால் நோய் தோலளவில்தான், வேலை எளிது. நனைத்தும் அங்கங்கே வெண்திட்டு நின்றால் மாவு ஆழமாக இறங்கியிருக்கிறது. தேய்ப்பு கூடுதலாக வேண்டும். நகத்தால் கீறினால் வெடிப்பின் ஓரம் பொறுக்காகப் பெயர்ந்து வந்தால், அந்தப் பாகத்தை மாற்றிவிடுவதே நல்லது. அதற்குச் செலவிடும் பெயின்ட் வீண் என்பதை வாடிக்கையாளரிடம் வேலைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

4. எந்தப் பிளாஸ்டிக் என்று அறிதல்

பாகத்தைக் கழற்றித் திருப்பினால் உட்புறத்தில், இரண்டு கோணக் குறிகளுக்கு நடுவே, எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். அது பிளாஸ்டிக்கின் சாதகம். "பிபி பிளஸ் இபிடிஎம், டிடி20" என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீனோடு இ.பி.டி.எம். ரப்பர் கலந்து நூற்றுக்கு 20 பங்கு டால்க் சேர்த்தது என்று பொருள். பம்பர்களிலும் சக்கர வளைவுகளிலும் பெரும்பாலும் இந்த இனம்தான் இருக்கும். "ஏபிஎஸ்" என்பது கிரில்லிலும் கண்ணாடிக் கூட்டிலும் அதிகம் வரும். "ஏஎஸ்ஏ" என்றால் அதற்கு வெயில் தாங்கும் தம்பி என்று கொள்ளலாம்.

குறி தேய்ந்துபோன பாகத்தை எப்படி அறிவது? ஒரு சில்லைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், மூழ்கினால் ஏ.பி.எஸ். என்று சொல்வார்கள். வாளியிலும் நாற்காலியிலும் இது சரியாக வரும், பம்பரில் ஏமாற்றும். தனிப் பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி 0.90 அளவில் இருந்தாலும், 20 பங்கு டால்க் சேர்ந்ததும் அது 1.04க்குப் போய்விடுகிறது. ஏ.பி.எஸ்.ஸின் அடர்த்தியும் ஏறத்தாழ அதேதான். இரண்டுமே மூழ்கும். உப்புத்தாள் சோதனை இதைவிட நம்பகமானது. மறைவான இடத்தில் தேய்த்தால் ஏ.பி.எஸ். மாவாக உதிரும், பாலிப்ரொப்பிலீன் உதிராமல் பூனைமுடி போலச் சிலும்பி நிற்கும். சிலும்பினால் அதற்குத் தனிப் பிரைமர் இல்லாமல் எதுவும் ஒட்டாது என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.

இந்த அடையாளம் ஏன் முக்கியம்? ஏ.பி.எஸ்.ஸைக் காரமான தின்னரால் துடைத்தால் அது கரைந்து பிசுபிசுக்கும். இறுக்கத்தில் இருக்கும் மூலைகளில் விரிசலும் விழும். பாலிப்ரொப்பிலீனுக்கு அதே தின்னர் ஒன்றும் செய்யாது. ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு.

5. வழக்கிலுள்ள வைத்தியங்கள்

லாரி செட்டுகளில் டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து துடைப்பது, வீட்டில் தேங்காய் எண்ணெய், அவசரத்துக்குக் கறுப்பு பூட் பாலிஷ், கடையில் வாங்கும் சிலிக்கோன் பாலிஷ் ஆகிய எல்லாமே எண்ணெய்க்காப்பின் உறவினர்கள். சிலிக்கோன் எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.40, சந்துகளை நிரப்பும் வேலையைத் தண்ணீரைவிட நன்றாகச் செய்கிறது, ஆவியாகிப் போகாமலும் இருக்கிறது. அதன் அழகு உண்மையானது. அந்த அழகுக்கு ஆயுள் சில வாரங்கள். தூசி ஒட்டும், மழையில் வழியும், அடியில் சிதைவு நடந்துகொண்டே இருக்கும். பழைய இன்ஜின் ஆயில் துடைப்பவரின் தோலுக்கே கெடுதல். அதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

சூடான காற்றுத் துப்பாக்கியால் பம்பரை வாட்டினால் சாம்பல் மறைந்து கறுப்பு ஏறுவது பார்க்க அதிசயமாக இருக்கும். 160 டிகிரியை ஒட்டி உருகும் பொருள் இது. மேல்தோல் உருகி, வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அறுந்த சங்கிலிகள் அறுந்தவையாகவே இருக்கின்றன. செலவான நிலைப்படுத்தி திரும்ப வருவதில்லை. சில மாதங்களில் வெளுப்பு மீண்டும் வரும். ஒரு நொடி அதிகமாக நின்றால் பம்பரின் தோல்வரி உருகி வழவழப்பாகிவிடும். அந்தத் தழும்பை எந்தக் கைத்திறனாலும் மறைக்க முடியாது.

இவை எதுவும் வெயிலை நிறுத்துவதில்லை. பூச்சு ஒன்றுதான் பிளாஸ்டிக்குக்கும் சூரியனுக்கும் நடுவே குடையாக நிற்கிறது. மறுபூச்சு வெறும் அலங்காரமன்று என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

6. செத்த தோலை நீக்குதல்

இந்த வேலையில் பத்தில் எட்டுப் பங்கு இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

முதலில் என் அனுபவம் ஒன்று. எங்கள் வீட்டுப் பிக்கப் வண்டியின் பம்பருக்கு ஆண்டுக்கணக்கில் பாலிஷ் துடைத்து வந்தோம். பிறகு பெயின்ட் அடிப்பதென்று முடிவாகி, ஷாம்பு போட்டுக் கழுவி, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, நேரே அடித்தேன். ஈரம் காயுமுன்பே பூச்சில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் விழுந்தன. பட்டறைகளில் அதற்கு மீன்கண் என்று பெயர். ஐப்பசி மழையில் மூன்றாவது முறை கழுவியபோது கையகலத் தகடு ஒன்று கழன்று வந்தது. அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சாம்பல் மாவு அப்படியே ஒட்டியிருந்தது. பெயின்ட் தன் வேலையைச் செய்திருந்தது. அது பிடித்துக்கொண்டிருந்தது செத்த தோலை.

ஒட்டுதலை ஆராய்ந்த ஜே. ஜே. பிக்கர்மன், மூட்டுகள் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் சந்திக்கும் கோட்டில் பிரிவதில்லை, அவற்றுக்கிடையே உள்ள வலுவற்ற படலத்தில்தான் பிரிகின்றன என்று வாதிட்டார். 1961இல் வெளிவந்த அவர் நூல் இந்தக் கருத்தைப் பரப்பியது. என் கையில் இருந்த தகடு அதற்குச் சாட்சி.

அந்த வேலையில் நான் செய்த பெரிய தவறு வரிசை. எண்ணெயை எடுக்காமல் முதலில் தேய்த்தால், சிலிக்கோன் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் உழுது இறக்கப்படுகிறது. பிறகு எவ்வளவு துடைத்தாலும் வராது. சிலிக்கோனின் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு 20 மில்லி நியூட்டன் அளவு. பெயின்ட்டின் பரப்பு இழுவிசை அதைவிடக் கூடுதலானதால் அதன் மேல் பரவாமல் பெயின்ட் சுருண்டு ஒதுங்கும். மீன்கண் விழுவது இப்படித்தான்.

சரியான வரிசை இது. பாத்திரம் கழுவும் திரவத்தில் நைலான் தூரிகையால் இரண்டு முறை கழுவ வேண்டும். காய்ந்ததும் பெயின்ட் கடையில் கிடைக்கும் மெழுகு–கிரீஸ் நீக்கியை ஒரு துணியால் பூசி, அது ஆவியாகுமுன் மற்றொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே துணியால் செய்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர வெளியேறாது. மூன்று முறை இப்படிச் செய்த பிறகே தேய்ப்பு.

பம்பரில் தோல்வரி இருப்பதால் உப்புத்தாள் மேடுகளை மட்டும் சீவும். மாவு பள்ளங்களில் தங்கிவிடும். மேட்டை அதிகம் சீவினால் வரியும் போய்விடும். ஆகவே வரியுள்ள பாகங்களுக்கு நார்ப் பட்டையும், பாத்திரம் தேய்க்கும் தூளும், தூரிகையும் சேர்ந்த ஈரத் தேய்ப்பே உகந்தது. தூளின் நுண்மணல் பள்ளத்துக்குள் இறங்கும். காய்ந்த நிலையில் வேகமாகத் தேய்த்தால் உராய்வுச் சூட்டில் பாலிப்ரொப்பிலீன் சிலும்பிக்கொள்ளும். தண்ணீர் அதையும் தடுக்கிறது. எவ்வளவு நேரம் தேய்ப்பது? கடிகாரம் வேண்டாம். கழுவிய தண்ணீர் சாம்பலாக ஓடும்வரை தோல் இன்னும் இருக்கிறது. தண்ணீர் தெளிந்து, உலர்ந்த பரப்பில் விரல் தேய்த்தால் ஒன்றும் ஒட்டாத நிலை வந்தால் நல்ல சதையைத் தொட்டுவிட்டோம். ஒரு முன்பம்பருக்கு எனக்கு அரை நாள் ஆகிறது.

பிறகு மறுபடியும் கிரீஸ் நீக்கி. கடைசியாகச் சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் திரண்டு விலகி, சுற்றுப்புறத்தில் ஒரே சீராக இருந்தால் அந்த இடத்தில் பாலிஷ் இன்னும் இருக்கிறது.

முடிந்தவரை பாகத்தைக் கழற்றிச் செய்வதே நல்லது. கழற்றும்போது பழைய கிளிப்புகள் உடையும். புதியவற்றை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். வண்டியிலேயே வைத்து மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தால் டேப் முடிந்த விளிம்பில் பூச்சுக்கு ஒரு வாய் இருக்கும்; உரிதல் எப்போதும் அங்கேதான் தொடங்கும். கதவின் ரப்பர் பீடிங்குகளையும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்களையும் எக்காரணம் கொண்டும் பெயின்ட் தொடக்கூடாது.

7. பூச்சு

7.1 இடையாள்

சுத்தமான பாலிப்ரொப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு 30 மில்லி நியூட்டனை ஒட்டியது, ஏ.பி.எஸ்.ஸுக்கு 40ஐ ஒட்டி. இந்தப் பத்து எண் வித்தியாசம்தான் ஒன்றில் பெயின்ட் ஒட்டுவதும் மற்றொன்றில் ஒட்டாததும். பெயின்ட் அடித்து வரும் பம்பர்களைத் தொழிற்சாலைகளில் நொடி நேரம் தீச்சுடரில் காட்டி மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்வதுண்டு. அதையே பட்டறையில் கேஸ் டார்ச்சால் செய்து பார்ப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கிரீஸ் நீக்கியின் ஆவி இருக்கும் இடத்தில் தீ ஆகாது.

நமக்கு உகந்தது, கடைகளில் பி.பி. பிரைமர் என்றும் பிளாஸ்டிக் பிரைமர் என்றும் கேட்டால் கிடைக்கும் ஒட்டுமுகப் பூச்சு. அதன் உயிர் குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின். அந்த மூலக்கூறுக்கு இரண்டு குணம்: ஒரு பகுதி பாலிப்ரொப்பிலீனுக்குச் சொந்தம், கரைப்பானால் சற்றே இளகிய பரப்புக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். குளோரின் உள்ள பகுதி மேலே வரும் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும். இரு வீட்டாரையும் அறிந்த தரகர் என்று சொல்லலாம். மெல்லிய ஒரே பூச்சு போதும். சில மைக்ரோமீட்டர் கனம்தான். தடிமனாக அடித்தால் அதுவே வலுவற்ற படலமாகிவிடும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் மேற்பூச்சு ஏற வேண்டும். டீ குடிக்கப் போய்வந்தால் அந்த வாசல் மூடியிருக்கலாம்.

7.2 மேற்பூச்சு

கறுப்புப் பம்பர் நண்பகலில் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். விடியலில் 25க்கு இறங்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள டால்க் கலந்த பம்பர் 40 டிகிரி ஏற்றத்தில் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு அரை மில்லிமீட்டர்தான் நீளும். இந்த மூச்சிழுப்பு நாள்தோறும் நடக்கிறது. சேஸிஸுக்கு அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் விறைப்பானது, இரும்போடு அது வாழும், பம்பரோடு வாழாது. ஆகவே பிளாஸ்டிக்குக்கென்று வரும் அக்ரிலிக் ஸ்ப்ரே கேனோ, நெகிழ்வூட்டி கலந்த பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டோதான் சரி. பி.யு. நீடித்து உழைக்கும், ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழலைப் பிடித்தால் வாழ்நாள் ஆஸ்துமா. வெளியிலிருந்து காற்று ஊட்டும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கக்கூடாது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கும் தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. வீட்டு முற்றத்தில் செய்பவர்கள் ஸ்ப்ரே கேனோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதற்கும் ஆவி வடிகட்டும் முகமூடி வேண்டும்.

பளபளப்பில் சாட்டின் வகையே என் தேர்வு. முழு மினுமினுப்பு பம்பரைப் பொம்மையாக்கிவிடும். முழு மங்கல் சீக்கிரம் மாவு பூக்கும். கேனை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். முதல் கை, தூவினாற்போல. அடி முழுதாக மறையக்கூடாது. பத்து நிமிட இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது. மூன்றுக்கு மேல் போனால் தோல்வரி நிரம்பிவிடும். ஆள் ஏறி மிதிக்கும் பின்பம்பர்ப் படிக்கு இந்தப் பூச்சு தாங்காது. அங்கே ரப்பர் மிதியடி திருகிவிடுவது நேர்மையான தீர்வு.

7.3 பருவம்

ஐப்பசி, கார்த்திகை ஆகாது. ஈரக்காற்றில் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் நீர் அதன் மேல் படிந்து, பூச்சு வெள்ளை பூக்கும். சித்திரை நண்பகலும் ஆகாது. துளிகள் பம்பரைத் தொடுமுன்பே பாதி காய்ந்து மணல் போல விழும். தை முதல் பங்குனி வரை, பனி உலர்ந்த பின் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, நிழலில் செய்வது நல்லது.

8. சோதனையும் நான்காண்டுக் குறிப்பும்

தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வரும். உள்ளே இறுக ஒரு வாரமாவது வேண்டும். அதன் பிறகு மறைவான இடத்தில் பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடு கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுக்க வேண்டும். பெயின்ட் பரிசோதனைக் கூடங்கள் செய்வதும் இதே சோதனைதான். கட்டங்களின் மூலைகளில் பொடி போவதைப் பொறுக்கலாம். முழுக் கட்டங்கள் டேப்போடு வந்தால் அவற்றின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: சாம்பலாக இருந்தால் தேய்ப்பு போதவில்லை, சுத்தமாக இருந்தால் பிரைமரில் பிழை. வாட்டர் சர்வீஸின் அழுத்தத் தண்ணீரை மூன்று வாரம் தள்ளிப்போடுவது நல்லது.

என் வண்டியின் பம்பருக்கு இரண்டாம் முறை இந்த வரிசைப்படி பூச்சு ஏற்றியபோது, மேல்விளிம்பின் இடது கோடியில் தீப்பெட்டி அளவு இடத்தைத் தேய்த்துக் கறுப்பாக்கியதோடு பூசாமல் விட்டேன். அதற்குப் பிறகு நான்கு கோடை கடந்திருக்கிறது. இரண்டாம் கோடையிலேயே அந்த இடம் மங்கியது. இப்போது விரலில் மாவு ஒட்டுகிறது. சென்ற பங்குனியில் அதை ஒட்டி, பூச்சுள்ள பக்கத்தில் பிளேடால் ஒரு சிட்டிகை சுரண்டிப் பார்த்தேன். பெயின்ட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் ஈரமில்லாமலேயே கறுப்பாக இருந்தது.